போனைப் பூட்டி வைத்தால் கண் பவர் நின்றுவிடுமா?

கேள்வி: என் மகளுக்கு 8 வயது. போன வருடம் இரண்டு கண்ணுக்கும் மைனஸ் 1.25 பவரில் கண்ணாடி போட்டோம். இந்த வருடம் மைனஸ் 2 என்கிறார்கள். செல்போன் பார்த்ததால்தான் என்று போனை பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டோம். இரண்டு மாதமாக வீட்டில் ஒரே அழுகை. ப்ளூ கட் லென்ஸ் போட்டால் பவர் ஏறாது என்று கண்ணாடிக் கடையில் 4,500 ரூபாய் கேட்கிறார்கள். எங்கள் அபார்ட்மெண்டில் விளையாட இடம் கிடையாது, கார் நிறுத்தும் இடம்தான். வெயிலில் விட்டால் கறுத்துப்போவாள் என்கிறார் மாமியார். தம்பிக்கு 5 வயது. நானும் கணவரும் கண்ணாடி போட்டவர்கள். அவனுக்கும் வந்துவிடுமா? நாங்கள் என்ன செய்ய வேண்டும்? – ஒரு வாசகி, திருப்பூர்

பதில்:

போனைப் பூட்டியதில் தப்பில்லை. ஆனால், பூட்டிய பிறகு அந்த நேரத்தில் மகள் என்ன செய்கிறாள் என்பதை நீங்கள் எழுதவில்லை. கட்டிலில் குப்புறப் படுத்துப் படம் வரைகிறாள், இல்லையென்றால் கதைப் புத்தகத்தை மூக்குக்குப் பக்கத்தில் வைத்துப் படிக்கிறாள் என்றால், அவள் கண்ணைப் பொறுத்தவரை பெரிதாக எதுவும் மாறவில்லை. போன் போன இடத்தில் நோட்டு வந்திருக்கிறது, அவ்வளவுதான்.

மகளுக்கு இருக்கும் மைனஸ் பவர், அதாவது கிட்டப்பார்வை என்பது கண் உருண்டை அளவுக்கு மீறி நீண்டுவிடுவது. வளர்கிற வயதில் கண்ணும் வளரும். ஓரளவோடு நின்றுவிட வேண்டும். நிற்காமல் ஒரு மில்லிமீட்டர் கூடுதலாக நீண்டால், பவர் ஏறக்குறைய இரண்டரையிலிருந்து மூன்று வரை ஏறும். நீண்ட கண் திரும்பச் சுருங்காது. கண்ணாடியைக் கழற்றிவிடலாம் என்று பயிற்சி வகுப்பு நடத்துகிறவர்கள், துளை போட்ட கறுப்புக் கண்ணாடி விற்கிறவர்கள், கேரட் சாறும் பொன்னாங்கண்ணிக் கீரையும் போதும் என்கிறவர்கள் யாராலும் அதைச் சுருக்க முடியாது. கீரை நல்லது, சாப்பிடட்டும். பவர் குறையும் என்று நம்பி ஒரு வருடத்தை வீணாக்காதீர்கள். சூரியனை நேராகப் பார்க்கச் சொல்லும் வீடியோக்களும் சுற்றுகின்றன. அது விழித்திரையைச் சுட்டுவிடும். அந்தப் பக்கமே போக வேண்டாம்.

இந்த நீட்சியைத் தடுக்கிற விஷயங்களில் நமக்கு நன்றாகத் தெரிந்த ஒன்று, பகல் வெளிச்சம். சிட்னியிலும் சிங்கப்பூரிலும் வாழும் சீன வம்சாவளிப் பிள்ளைகளை, ஆறேழு வயதுக்காரர்களை, ஒப்பிட்ட ஆய்வு ஒன்று 2008ல் வெளியானது. சிங்கப்பூரில் 100க்கு 29 பேருக்குக் கிட்டப்பார்வை. சிட்னியில் 3 பேருக்கு. பெற்றோர் கண்ணாடி போட்டிருந்த கணக்கு இரண்டு ஊரிலும் கிட்டத்தட்ட ஒன்றுதான். சிட்னிப் பிள்ளைகள் புத்தகம் படிப்பதில் குறைந்தவர்களும் இல்லை, கொஞ்சம் கூடவே படித்தார்கள். பெரிய வித்தியாசம் வெளியே இருந்த நேரத்தில்தான்: சிட்னியில் வாரத்துக்கு ஏறக்குறைய 14 மணி நேரம், சிங்கப்பூரில் 3 மணி நேரம். அப்புறம் சீனாவின் குவாங்சோவில் ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகளைத் தினமும் கூடுதலாக 40 நிமிடம் வெளியே விட்டு மூன்று வருடம் பார்த்தார்கள். வழக்கம்போல் விட்ட பள்ளிகளில் 100க்கு 40 பேருக்குக் கிட்டப்பார்வை வந்தது. வெளியே விட்ட பள்ளிகளில் 30 பேருக்கு. 40 நிமிடத்துக்கு இது சின்ன விஷயம் இல்லை.

நல்ல வெளிச்சம் பட்டால் விழித்திரையில் டோபமின் என்ற பொருள் சுரக்கிறது. அது, ‘போதும், நீளாதே’ என்று கண்ணுக்குச் சொல்கிறது. இப்படித்தான் இன்று நாங்கள் புரிந்துவைத்திருக்கிறோம். இதற்கு வீட்டு வெளிச்சம் பற்றாது. ‘எங்கள் வீட்டில் டியூப்லைட் பளிச்சென்று இருக்கும் டாக்டர்’ என்று ஒரு அப்பா சொன்னார். அவர் போனிலேயே வெளிச்சம் அளக்கும் ஆப் ஒன்றை இறக்கச் சொன்னேன். என் அறை மேஜையில் வைத்தபோது 240 லக்ஸ் காட்டியது. வெளியே கூட்டிப் போய் வேப்ப மரத்தடியில், நல்ல நிழலில், அதே போனை மேல்நோக்கிப் பிடிக்கச் சொன்னேன். எட்டாயிரத்தைத் தாண்டியது. அவர் திரும்பவும் உள்ளே போய் அளந்து பார்த்துவிட்டு வந்தார். நம் கண்ணும் மூளையும் இருட்டுக்கு ஏற்பச் சரிசெய்துகொள்வதால் இந்த வித்தியாசம் நமக்குத் தெரிவதே இல்லை.

இதில் உங்கள் மாமியாருக்கும் பதில் இருக்கிறது. கண்ணுக்குத் தேவை வெளிச்சம்தான். தோல் வெயிலில் காய வேண்டியதில்லை. மர நிழல் போதும், தொப்பி போட்டுக்கொள்ளலாம். உச்சி வெயில் வேண்டவே வேண்டாம். காலை 7லிருந்து எட்டரை வரையும், மாலை நாலரையிலிருந்து 6 வரையும் நம் ஊரில் தாராளமான வெளிச்சம் இருக்கிறது. பக்குவமாகச் சொன்னால் பெரியவர்களுக்குப் புரியும். நிறத்தைக் காரணம் காட்டிப் பெண் பிள்ளைகளை வீட்டுக்குள் வைத்திருப்பதை நான் வாரா வாரம் பார்க்கிறேன். அண்ணன் தெருவில் ஓடுவான், தங்கை ஜன்னலுக்குப் பின்னால் போனோடு இருப்பாள். எனக்கு இது மிகவும் வருத்தமான காட்சி.

சரி, உங்கள் வீட்டில் எப்படிச் செய்வது? தூணுக்கு மேல் கட்டிய கட்டடத்தின் அடியில் இருக்கும் கார் பார்க்கிங், வெளிச்சக் கணக்கில் வீட்டு அறை மாதிரிதான். மொட்டை மாடி நல்ல இடம். கைப்பிடிச் சுவர் உயரமாக இருக்க வேண்டும், பெரியவர் ஒருவர் கூடவே இருக்க வேண்டும். ‘போனை வை, போய் விளையாடு’ என்று சொன்னால் எந்தப் பிள்ளையும் போகாது. முதல் இரண்டு வாரம் நீங்களோ கணவரோ கூடப் போங்கள். உங்கள் போனையும் வீட்டில் வைத்துவிட்டுப் போங்கள். பாண்டிக் கட்டம் கிழித்துக் கொடுங்கள், கல்லா மண்ணா சொல்லிக் கொடுங்கள். பக்கத்து வீட்டுப் பிள்ளை ஒன்று சேர்ந்துவிட்டால் அப்புறம் நீங்கள் கூப்பிட்டாலும் இறங்கி வரமாட்டாள். என்ன விளையாட்டு என்பது கண்ணுக்கு முக்கியமில்லை. செடிக்குத் தண்ணீர் ஊற்றினாலும், சும்மா நின்று பேசினாலும் கணக்கில் சேரும்.

நாளுக்கு 2 மணி நேரம் என்பது இலக்கு. வேலைக்குப் போகிற வீட்டில் தினமும் அது முடியாது, எனக்குத் தெரியும். அதனால் வாரக் கணக்காக வைத்துக்கொள்ளுங்கள், 14 மணி நேரம். ஸ்கூல் வேனுக்கு அரை மணி முன்னதாகவே கீழே இறங்கிவிடுங்கள். ஞாயிறு மூன்று மணி நேரம். காலண்டரில் பென்சிலால் குறித்து வந்தால், எங்கே ஓட்டை என்று ஒரே மாதத்தில் தெரிந்துவிடும்.

இங்கே ஒரு விஷயத்தில் பணம் விரயமாகிறது. வெளியே விளையாட விடுங்கள் என்று நான் சொன்னதும், பெற்றோர் போய் மூன்று மாதப் பணத்தை மொத்தமாகக் கட்டி இன்டோர் ஷட்டில் வகுப்பில் சேர்த்துவிடுகிறார்கள். ஏசி ஹாலில் கராத்தே. இரவு எட்டு மணிக்கு விளக்குப் போட்ட டர்ஃபில் கிரிக்கெட். உடம்புக்கு எல்லாம் நல்லது. கண்ணுக்கு வேண்டிய பகல் வெளிச்சம் இதில் எதிலும் கிடைக்காது. அகாடமி நடத்துகிறவர் இதை உங்களுக்குச் சொல்லப்போவதில்லை.

போன் விஷயத்துக்கு வருகிறேன். முழுக்கப் பூட்டி வைத்து அழ விடுவதைவிட, தூரத்தை மாற்றுங்கள். பிள்ளைகள் போனை ஒரு சாண் தூரத்தில் பிடிக்கிறார்கள். அதே கார்ட்டூனை டிவியில் பத்தடி தள்ளி உட்கார்ந்து பார்த்தால் கண்ணுக்கு வேலை மிகக் குறைவு. 5 முதல் 10 வயதுப் பிள்ளைகளுக்கு எல்லாத் திரையும் சேர்ந்து நாளுக்கு 2 மணி நேரத்துக்குள் இருக்க வேண்டும் என்பது இந்தியக் குழந்தை மருத்துவர் சங்கத்தின் பரிந்துரை. 2 முதல் 5 வயதுக்கு ஒரு மணி நேரம்தான் உச்சம். நேரத்தைக் கடிகாரத்தால் சொல்லாமல் எபிசோடால் சொல்லுங்கள்: இரண்டு எபிசோட், முடிந்ததும் ஆஃப். அடுத்தது தானாக ஓடும் ஆட்டோபிளேயை முதலிலேயே நிறுத்தி வையுங்கள்.

ப்ளூ கட் லென்ஸ் வாங்க வேண்டாம். அது பவர் ஏறுவதைத் தடுக்கும் என்பதற்கு ஆதாரம் இல்லை. கண் களைப்புக்காவது உதவுமா என்று 17 ஆய்வுகளை ஒன்றாக வைத்துப் பார்த்த அறிக்கை ஒன்றை, மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து எடைபோடும் காக்ரேன் அமைப்பு 2023ல் வெளியிட்டது. சாதாரண லென்ஸைவிட அதில் பலன் இருப்பதாகத் தெரியவில்லை என்றார்கள். போனிலிருந்து வரும் நீல ஒளி, திறந்த வானத்திலிருந்து வருவதில் ஒரு துளிதான். அந்த 4,500 ரூபாய்க்கு நல்ல பிரேமும் சரியான பவரும் வாங்கிவிட்டு, மிச்சத்தில் ஒரு பந்தும் ஸ்கிப்பிங் கயிறும் வாங்கலாம். ‘பவரைக் கொஞ்சம் குறைத்துப் போட்டால் கண் பழகிவிடாது’ என்றும் அதே கடையில் சொல்வார்கள். 2002ல் மலேசியாவில் அப்படிக் குறைத்துப் போட்டுப் பார்த்தார்கள்; அந்தப் பிள்ளைகளுக்குப் பவர் இன்னும் வேகமாக ஏறியது. முழுப் பவர் போட வேண்டும், எந்நேரமும் போட வேண்டும்.

வெளியே விடுங்கள் என்ற என் பேச்சுக்கு ஒரு விலக்கு உண்டு. கண்ணைக் கசக்குகிற பிள்ளை. இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் இதில்தான் நான் அதிகம் தாமதத்தைப் பார்க்கிறேன். மாசி, பங்குனி பிறந்ததும் சில பிள்ளைகளுக்குக் கண் அரிக்க ஆரம்பிக்கும். வெள்ளை விழி மங்கிப் பழுப்பாகத் தெரியும், நூல் நூலாகப் பீளை வரும், கை முட்டியால் சுற்றிச் சுற்றித் தேய்ப்பார்கள். தூசியும் வெக்கையும் சேர்ந்த அலர்ஜி இது. மெடிக்கலில் கேட்டால் ஒரு சொட்டு மருந்து தருவார்கள், அன்றைக்கே கேட்கும். பெரும்பாலும் அது ஸ்டீராய்டு. அரிப்பு வரும்போதெல்லாம் பழைய டப்பாவைக் காட்டி அதையே வாங்குவார்கள். மாதக் கணக்கில் போட்டால் கண் அழுத்தம் ஏறும், கண்புரை வரும். அழுத்தத்தால் போன பார்வை திரும்பாது. இன்னொரு பக்கம், வருடக் கணக்கில் தேய்த்த கண்ணில் கருவிழி மெலிந்து கூம்பு மாதிரி முன்னால் தள்ளலாம். அந்தப் பிள்ளைக்கும் பவர் ஏறும், அம்மாவும் போன்தான் காரணம் என்று நினைப்பார். பன்னிரண்டு வயதுப் பையன் ஒருவனுக்கு மூன்று வருடத்தில் நான்கு கண்ணாடி மாற்றியிருந்தார்கள், எல்லாம் கடையிலேயே. ஒருவர்கூட அவன் கருவிழியைப் படம் எடுத்துப் பார்க்கவில்லை. என்னிடம் வந்தபோது ஒரு கண்ணில் கண்ணாடி போட்டும் எழுத்து தெரியவில்லை. முன்பே வந்திருந்தால் கருவிழியை உறுதிப்படுத்தும் சிகிச்சையால் அங்கேயே நிறுத்தியிருக்கலாம்.

அதனால் மகளுக்குப் போன வருடமும் இந்த வருடமும் கண்ணாடிக்கு எழுதித் தந்த இரண்டு சீட்டுகளையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். சிலிண்டர் என்று ஒரு கட்டம் இருக்கும். அதில் எண் ஏறியிருந்தாலோ, அவள் கண்ணைக் கசக்குகிறவளாக இருந்தாலோ, முதலில் கருவிழி மருத்துவரைப் பாருங்கள். அரிப்பு அடங்கும் வரை புழுதி மைதானம் வேண்டாம், காலை நேர மாடி போதும். கசக்காத பிள்ளைக்கு இந்தக் கவலை தேவையில்லை.

இதையெல்லாம் ஒரு அம்மாவின் தலையில் சுமத்துவது எனக்கே சங்கடமாக இருக்கிறது. தைவானில் பள்ளிப் பிள்ளைகள் நாளுக்கு 120 நிமிடம் வெளியே இருக்க வேண்டும் என்று 2010ல் அரசே திட்டம் கொண்டுவந்தது. ஏறிக்கொண்டே போன பார்வைக் குறைவு அதன் பிறகு இறங்கத் தொடங்கியது. நம் 2009 கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணையிலும் விளையாட்டு மைதானம் இருக்கிறது. மைதானம் இல்லாத பள்ளிகளும் ஓடிக்கொண்டுதான் இருக்கின்றன. இருக்கிற பி.டி. வகுப்பைக் கணக்கு டீச்சர் வாங்கிக்கொள்கிறார். வீட்டுப் பாடம் வாட்ஸ்அப்பில் வருகிறது, பிள்ளை அதைப் பார்க்க அம்மாவின் போனை வாங்க வேண்டும். பூங்காவில் ‘இங்கே பந்து விளையாடக் கூடாது’ என்று பலகை. பெற்றோர் கூட்டத்தில் மதிப்பெண்ணைப் பற்றிக் கேட்பதுபோல, என் பிள்ளை இன்று எத்தனை நிமிடம் வெளியே இருந்தாள் என்றும் கேளுங்கள். நான்கு பேர் சேர்ந்து கேட்டால் பதில் சொல்லித்தான் ஆக வேண்டும். வீட்டுப் பாடத்தை நீங்கள் பார்த்து நோட்டில் எழுதிக் கொடுத்துவிடுங்கள், போன் அவள் கைக்குப் போக வேண்டியதில்லை.

தம்பிக்கு வருமா என்றால், அப்பா அம்மா இருவருக்கும் இருப்பதால் வாய்ப்பு அதிகம். ஆனால் வெளி வெளிச்சம் நன்றாக வேலை செய்வது இன்னும் கண்ணாடி போடாத அவனைப் போன்ற பிள்ளைக்குத்தான். அவனையும் மாடிக்குக் கூட்டிப் போங்கள். மகளுக்குப் பவர் ஏற்கெனவே வந்துவிட்டது. அவளுக்கு வெளிச்சம் உதவும், ஆனால் அது மட்டும் போதாமல் போகலாம். ஒரே வருடத்தில் முக்கால் பவர் என்பது வேகமான ஏற்றம். மிகக் குறைந்த செறிவில் அட்ரோபின் சொட்டு மருந்து இரவில் போடுவது, ஏற்றத்தை மெதுவாக்கும் தனி வகை லென்ஸ் என்று இன்று வழிகள் இருக்கின்றன. குழந்தைகள் கண் மருத்துவரிடம் இதைக் கேளுங்கள். கடையில் முடிவு செய்ய வேண்டாம்.

போகும்போது பழைய சீட்டு, கண்ணாடி இரண்டையும் எடுத்துப் போங்கள். கம்ப்யூட்டரில் பார்த்த பவரை மட்டும் வைத்து எழுதித் தந்தால் ஏற்காதீர்கள். பிள்ளைகள் உற்றுப் பார்ப்பதால் மைனஸ் கூடுதலாகக் காட்டிவிடும். மருந்து விட்டு, கண்மணி விரிந்த பிறகு பார்க்கச் சொல்லுங்கள். கண்ணின் நீளத்தையும் அளந்து எழுதித் தரச் சொல்லுங்கள், ஆறு மாதம் கழித்து ஒப்பிட அந்த எண்தான் உதவும். தம்பிக்கும் அன்றே பார்த்துவிடலாம். மருந்து விட்டால் அன்று முழுக்க, சில சமயம் மறுநாளும், கிட்டத்தில் எழுத்து மங்கலாகத் தெரியும், வெளிச்சம் கூசும். அதனால் சனிக்கிழமை காலையில் போங்கள், திங்கட்கிழமை பரீட்சை இல்லாத வாரமாகப் பார்த்து.