வாசகர் கேள்வி – பதில்: பினாங்கிலிருந்து வந்த குரல்கள்

கேள்வி: எங்கள் ஐயா பினாங்கிலிருந்து ஊர் திரும்பியபோது கொண்டுவந்த பெட்டியில் சில ஒலிநாடாக்கள் இருக்கின்றன. ஓர் உறையில் பெரிய சுருட்டை முடியுடன் தமிழ் முகங்கள். ஆனால் பாட்டெல்லாம் மலாய். குழுவின் பெயர் ஆலிகேட்ஸ். யார் இவர்கள்?
– வாசகி, தேவகோட்டை

பதில்: லோகநாதன் ஆறுமுகம் (லோகா), டேவிட் ஆறுமுகம் என்ற பினாங்குத் தமிழ்ச் சகோதரர்கள் 1960களின் இறுதியில் தொடங்கிய குழு அது. நம் பக்கத்தவர்க்குப் பினாங்கு என்றால் தண்ணீர்மலை முருகன் கோயிலும் தைப்பூச வெள்ளித் தேரும்தான் முதலில் நினைவுக்கு வரும். ஆனால் அந்தத் தீவுக்கு எதிர்க்கரையிலுள்ள பட்டர்வொர்த்தில் ஆஸ்திரேலிய விமானப்படையினர் தங்கியிருந்த காலம் அது. ஆங்கிலப் பாட்டும் மின்கித்தாரும் அவ்வூர் இளைஞர்களுக்குப் புதியவை அல்ல. 1961இல் ஆங்கிலப் பாடகர் கிளிஃப் ரிச்சர்டும் அவருடன் வாசித்த ஷேடோஸ் கித்தார்க் குழுவினரும் சிங்கப்பூர் வந்து சென்ற பிறகு, மலாய் உலகம் முழுவதும் கித்தார்க் குழுக்கள் முளைத்திருந்தன.

இச்சகோதரர்கள் விடுதி மேடைகளில் ஆங்கிலப் பாடல்களைப் பாடித் தேறினார்கள். 1970களில் ஹாங்காங் வரை சென்று பாடினார்கள். இரவுதோறும் மணிக்கணக்கில், தங்களை அறியாத கூட்டத்தின் முன் பாடிப் பெற்ற பயிற்சிதான் பிற்காலத்தில் அவர்களைத் தாங்கியது என்பது என் உறுதியான எண்ணம். ஊர் திரும்பி, 1979இல் ‘தெரிமா காசே’ (நன்றி) என்ற மலாய் இசைத்தொகுப்பை வெளியிட்ட பின்னரே நாடறிந்த குழுவானார்கள். சிங்கப்பூரில் பிறந்த எம். நாசிர் அவர்களுக்கு இசையமைத்துத் தந்த பாடல்கள் அந்தப் புகழை மேலும் வளர்த்தன. கனமான மெட்டையும் உறுத்தாமல் தொட்டுச் செல்லும் லோகாவின் மென்குரலைக் கேட்டால், நாசிர் இக்குழுவுக்கு இசையமைத்ததன் காரணம் விளங்கும்.

கேள்வி: தமிழர்கள் மலாயில் பாடிப் பெற்ற புகழில் நமக்கு என்ன பங்கு? அந்தத் திறமையைத் தமிழுக்குத் தந்திருக்கலாகாதா?
– வாசகர், கானாடுகாத்தான்

பதில்: இந்த வருத்தம் எனக்குப் புரிகிறது, ஆனால் அதை நான் ஏற்கவில்லை. அக்கரைச் சீமையில் பெட்டியடிக்கு (வட்டிக்கடை எடுபிடி வேலைக்கு) போன நம் பையன்கள் ஐந்தொகையை (வரவுசெலவுக் கணக்கை) தமிழில் எழுதினார்கள். வாடிக்கையாளரிடம் மலாயில் பேசினார்கள். அதனால் அவர்கள் தமிழர் அல்லாதவர் ஆகிவிடவில்லை. இச்சகோதரர்களுக்கோ மலேசியா பிழைக்கப் போன சீமை அல்ல, வளர்ந்த ஊர். அந்த நாட்டின் பொதுமொழியில் எல்லா இனத்தவரும் சேர்ந்து பாடும் காதல் பாட்டைத் தருவது எளிய காரியமன்று.

மொழியின் கடினத்தையும் எண்ணிப் பாருங்கள். மலாயில் எகர ஒலி இரண்டு உண்டு. எழுத்தில் இரண்டும் ஒன்றே. ‘பெராங்’ என்பதை ஒருவகையாக ஒலித்தால் போர், மற்றொரு வகையாக ஒலித்தால் பழுப்பு நிறம். உதட்டளவில் பழகிய மொழி இங்கே உடனே காட்டிக்கொடுத்துவிடும். இசைத்தட்டு வாங்கியவர்களில் பெரும்பாலோர் அம்மொழியில் பிறந்தவர்கள் என்னும்போது, லோகாவின் பாட்டை அவர்கள் தங்கள் திருமண வீடுகளிலும் பாடும் அளவுக்கு ஏற்றுக்கொண்டதை நான் பெரிய வெற்றியாகவே மதிக்கிறேன். தமிழில் பாடினால்தான் நம்மவர் என்று வரம்பு கட்டுவது, கடல் கடந்து வாழ்ந்த குடும்பங்கள் நிறைந்த நம் சீமைக்குப் பொருந்தாது.

கேள்வி: இப்போதும் பாடுகிறார்களா? எந்தப் பாட்டிலிருந்து கேட்கத் தொடங்கலாம்?
– வாசகர், காரைக்குடி

பதில்: லோகா 2007ஆம் ஆண்டு ஜூன் மாதம் நுரையீரல் புற்றுநோயால் காலமானார். முன்வரிசைக் குரல் போனபின் குழுக்கள் கலைவதே வழக்கம். ஆயினும் டேவிட் அதே பெயரில் தொடர்ந்து மேடையேறினார். முதலில் ‘ஹிங்கா அகிர் நந்தி’யைக் கேளுங்கள், ‘இறுதிவரை’ என்பது அதன் பொருள். மலாய் தெரியாவிட்டாலும் முதல் அடியிலேயே குரலின் கனிவு உங்களை எட்டும்.

தேவகோட்டை வாசகிக்கு ஒரு வேண்டுகோள்: நெடுநாள் பெட்டிக்குள் கிடந்த நாடாவில் சுருள்கள் ஒட்டிக்கொண்டிருக்கக்கூடும். உடனே ஓடவிடாமல், பென்சிலைச் செருகி மெல்ல ஒருமுறை முழுதும் சுற்றிப் பாருங்கள். தடையின்றிச் சுழன்றால், முதல் முறை ஓடும்போதே கணினியில் பதிவு செய்துவிடுங்கள்.