சேமிக்கத் தெரியாத மக்களா? (வாசகர் கடிதமும் பதிலும்)

அன்புள்ள அண்ணனுக்கு,

நான் நாகர்கோவில்காரன். சிகாகோ பக்கத்துல நேப்பர்வில்ல குடும்பத்தோட இருக்கேன், ஐ.டி. வேலை. எங்க சர்ச்ல இருந்து மாசத்துல ஒரு சனிக்கிழமை சிட்டியோட வெஸ்ட் சைடுக்குப் போய் சாப்பாடும் துணிமணியும் கொடுத்துட்டு வர்றோம். அங்க போகப் போக இதையே முறையா படிக்கணும்னு ஆசை வந்திருக்கு. ஒரு கிறிஸ்தவ பல்கலைக்கழகத்துல நகர்ப்புற சமூக மேம்பாட்டுல எம்.ஏ. இருக்கு, சாயங்கால வகுப்பு. இறையியலும் உண்டு, பட்ஜெட் போடுறது, நிதி திரட்டுறது எல்லாமும் உண்டு. என் மனைவி, "படிக்கணும்னா பப்ளிக் பாலிசி படி, மதம் கலந்த டிகிரியை யாரு மதிப்பா"ங்கறா. ஃபீஸ், விசா, அப்புறம் வேலை கிடைக்குமான்னும் குழப்பம். அந்த மக்களைப் பாத்தா பாவமா இருக்கு, ஆனா அவங்ககிட்ட சேமிக்கிற பழக்கமே இல்ல, அதைச் சொல்லிக் கொடுத்தாலே பாதி மாறிடும்னு தோணுது. நீங்க என்ன நினைக்கிறீங்க?

(பெயர் வேண்டாமே அண்ணா.)

—

அன்புள்ள தம்பி,

வழக்கமா இந்த மாதிரி கடிதத்துக்கு பதில் எழுத எனக்கு மாசக்கணக்குல ஆகும், உங்களுக்கு உடனே எழுதறேன்னா காரணம் இருக்கு. கொஞ்ச நாளா நான் படிச்சிட்டிருக்கறது பூரா சிகாகோ வெஸ்ட் சைடு பத்திதான், அதுலயும் நார்த் லான்டேல். நீங்க சாப்பாட்டுப் பொட்டலம் கொண்டு போற அதே பக்கத்துல இருக்கற ஏரியா.

சின்ன கேள்விகளை முதல்ல முடிச்சிடறேன். மத முத்திரை பத்தி கவலையே வேண்டாம், சிகாகோல லயோலா பல்கலைக்கழகம் ஜெசூட்டுங்கற கத்தோலிக்க சபையோடது, டீபால் பல்கலைக்கழகம் வின்சென்ஷியன்ங்கற இன்னொரு கத்தோலிக்க சபையோடது, அங்க வாங்கின டிகிரிய யாரும் மட்டமா பாக்கறதில்ல, முறையான அங்கீகாரம் இருக்கான்னு மட்டும் பாத்துக்கங்க. விசாவுக்கு வக்கீலைப் பாருங்க. வேலை கிடைக்கும், ஐ.டி. சம்பளம் கிடைக்காது.

ஆனா கடிதத்தோட கடைசில போற போக்குல ஒரு வரி எழுதியிருக்கீங்களே தம்பி, "அவங்ககிட்ட சேமிக்கிற பழக்கமே இல்ல"ன்னு. அதைப் படிச்சதும் எனக்கு கோவம் வந்துச்சு, மறைக்க மாட்டேன். உங்க மனசு நல்ல மனசு, சனிக்கிழமை காலைல பிள்ளைங்களோட இருக்க வேண்டிய நேரத்துல முன்பின் தெரியாதவங்களுக்கு சாப்பாடு தூக்கிட்டுப் போறீங்க, அதுல எனக்கு சந்தேகமே இல்ல. அந்த நல்ல மனசுக்குள்ள இப்படி ஒரு வரி உட்கார்ந்திருக்கே, அதான் பொறுக்கல. கோர்ஸ்ல சேர்றதுக்கு முன்னாடி அதை வெளிய எடுங்க.

நார்த் லான்டேல் கதையைச் சொல்றேன். 1950-ல அங்க பெரும்பாலும் வெள்ளைக்காரங்க. பத்தே வருஷத்துல பெரும்பாலும் கறுப்பினத்தவர். தானா நடந்ததில்ல இது. வீட்டு வியாபாரிங்க கைக்குழந்தைய தள்ளுவண்டில வெச்சு ஒரு கறுப்பினப் பெண்ணை காசு கொடுத்து தெருவுல நடக்க விடுவாங்க, ராத்திரில போன் போட்டு பயமுறுத்துவாங்க, "உங்க ஏரியா போச்சு, இப்பவே வித்துடுங்க"ன்னு. பயந்து வந்த விலைக்கு வித்துட்டு ஓடுனவங்க வீட்டை வாங்கி, தெற்கே மிசிசிப்பில இருந்து வந்த குடும்பங்களுக்கு ரெண்டு மடங்கு விலைக்கு விப்பாங்க. அந்தக் குடும்பங்க பேங்க்ல கடன் வாங்கியிருக்கலாமேன்னு கேப்பீங்க. முடியாது. 1934-ல தொடங்கின ஃபெடரல் ஹவுசிங் அட்மினிஸ்ட்ரேஷன்ங்கற அரசு அமைப்பு அந்தக் காலத்துல கறுப்பினத்தவர் இருக்கற ஏரியால வீட்டுக் கடனுக்கு உத்தரவாதம் கொடுக்காது, அது கொடுக்கலன்னா பேங்க்கும் கடன் கொடுக்காது.

மிச்சம் இருந்த ஒரே வழி "கான்ட்ராக்ட்". முன்பணம் கட்டணும், மாசாமாசம் தவணை கட்டணும், ஆனா கடைசித் தவணை கட்டி முடிக்கற வரைக்கும் பத்திரம் வித்தவன் கைலதான் இருக்கும். கூரை ஒழுகினா, பாய்லர் கெட்டா நம்ம செலவு. ஒரு மாசம் தவணை தப்பினா வீட்டை விட்டு வெளிய போகணும், அதுவரைக்கும் கட்டுன காசு அவ்வளவும் போச்சு. அடுத்த வாரமே அதே வீட்டை அடுத்த குடும்பத்துக்கு விப்பான். கிளைட் ராஸ்னு ஒருத்தர், மிசிசிப்பிக்காரர், 1961-ல லான்டேல்ல வீடு வாங்கறார், விலை 27,500 டாலர். ஆறு மாசம் முன்னாடி வித்தவன் அதை 12,000-க்கு வாங்கியிருக்கான்! அந்த வித்தியாசத்தைக் கட்டறதுக்காக அந்த மனுஷன் ஒண்ணுக்கு மேல வேலை பாத்தார். 2019-ல டியூக் பல்கலைக்கழகத்தோட ஒரு ஆய்வு மையம் கணக்குப் போட்டுச்சு, 1950-கள்லயும் 60-கள்லயும் சிகாகோல கறுப்பினக் குடும்பங்க வாங்கின வீடுகள்ல குறைஞ்சது 75 சதவீதம் இந்தக் கான்ட்ராக்ட்லதான் போயிருக்கு, அவங்ககிட்ட இருந்து உருவின தொகை 2019 மதிப்புல 300 கோடில இருந்து 400 கோடி டாலர்.

இப்ப சொல்லுங்க, சேமிக்கத் தெரியாதவங்களா அவங்க? குடத்துல ஓட்டை போட்டவனை விட்டுட்டு தண்ணி தூக்கிட்டு வந்தவளைத் திட்டற மாதிரி இருக்கு உங்க வரி.

நான் சிகாகோல இருந்த காலத்துல வெஸ்ட் சைடுல ஒரு சர்ச்சோட அடித்தளத்துல ஒரு வயசான அம்மாவை சந்திச்சேன். ஞாயித்துக்கிழமை ஆராதனை முடிஞ்சு காபி குடிக்கற நேரம். நான் இந்தியாக்காரன்னு தெரிஞ்சதும் எங்க ஊர்ல வீடு வாங்கறது எப்படின்னு கேட்டாங்க, பத்திரம் யார் கைல இருக்கும்னு கேட்டாங்க. இது என்ன கேள்வின்னு எனக்கு அப்ப புரியல. அடுத்த வாரம் ஒரு பிஸ்கட் டப்பா கொண்டு வந்தாங்க. உள்ள அவங்க அப்பா கட்டுன தவணை ரசீது பூரா இருக்கு, மாசவாரியா அடுக்கி, ரப்பர் பேண்ட் போட்டு, ஒண்ணு கூட விடாம. அப்பா பகல்ல ஒரு வேலை ராத்திரில ஒரு வேலை, அம்மா ஒரே கோட்டை எத்தனையோ குளிர்காலம் போட்டாங்களாம். உடம்பு சரியில்லாம அப்பா ஒரு தடவை படுத்தார், தவணை நின்னுச்சு, வீடு போச்சு. வீடு போனப்புறமும் ரசீதை பத்திரமா வெச்சிருக்காங்க தம்பி. அந்த டப்பாவை என் மடில வெச்சுட்டு அந்த அம்மா வேற எதையோ பேச ஆரம்பிச்சாங்க, எனக்கு காதுல எதுவும் ஏறல. அவங்களுக்கா நீங்க சேமிப்பு வகுப்பு எடுக்கப் போறீங்க?

சரி, இதுல விசுவாசத்துக்கு என்ன இடம்னு வருவோம், நீங்க கேட்டதும் சுத்தி வளைச்சு அதான். 1967-ல ஜாக் மக்னமாரான்னு ஒருத்தர், ஜெசூட் சபைல குருமாணவர், கல்லூரிப் பசங்க சில பேரோட லான்டேலுக்கு வர்றார். அங்க பிரசன்டேஷன்னு ஒரு கத்தோலிக்க பங்கு, ஜாக் ஈகன்னு ஒரு மான்சின்யோர் பங்குத்தந்தை. இந்தப் பசங்க சாப்பாடு கொடுக்கல. வீடு வீடா போய் மக்கள் சொல்றதைக் கேட்டாங்க, அப்புறம் பதிவு ஆபீஸ்ல உட்கார்ந்து எந்த வீட்டை யாரு எவ்வளவுக்கு வாங்கி எவ்வளவுக்கு வித்தான்னு ஒவ்வொரு பத்திரமா எடுத்தாங்க. தான் மட்டும்தான் ஏமாந்தோம்னு வெக்கப்பட்டு வெளிய சொல்லாம இருந்தவங்க எல்லாம் அந்தக் காகிதத்தைப் பாத்து, பக்கத்து வீட்டுலயும் இதே கதைதான்னு தெரிஞ்சுக்கிட்டாங்க. 1968-ல கான்ட்ராக்ட் பையர்ஸ் லீக், அதாவது கான்ட்ராக்ட்ல வீடு வாங்கினவங்களோட சங்கம், பிறந்துச்சு. அந்த வருஷக் கடைசில தவணை கட்ட மாட்டோம்னு போராட்டம். போலீஸ் வந்து சாமானை நடைபாதைல தூக்கிப் போட்டா, அக்கம்பக்கத்துக்காரங்க சேர்ந்து அதே சாமானை திரும்ப வீட்டுக்குள்ள தூக்கிட்டுப் போனாங்க. கோர்ட்ல வழக்கு வருஷக்கணக்கா இழுத்து கடைசில தோத்துச்சு, ஆனா அதுக்குள்ள நூத்துக்கணக்கான கான்ட்ராக்டை விலை குறைச்சு மாத்தி எழுத வெச்சுட்டாங்க. இதை ஒரு குருமாணவர் வந்து ஏழைகளைக் காப்பாத்துன கதையா தயவுசெய்து படிச்சிடாதீங்க. வித்தவன் முன்னாடி முதல்ல போய் நின்னு கேட்டது ரூத் வெல்ஸ்னு ஒரு அம்மா, லீக்கை நடத்துனது ராஸ் மாதிரி வீட்டுக்காரங்க. பசங்க பங்கு, பத்திரத்தைத் தேடி எடுத்து அவங்க கைல கொடுத்தது. அது பெரிய பங்கு.

நம்ம ஆளுங்க சர்ச்ல நகர ஊழியம்னு பேச ஆரம்பிச்சா உடனே எரேமியா 29:7-ஐ எடுப்பாங்க, பட்டணத்தின் சமாதானத்தைத் தேடுங்கள்னு, எந்த கோர்ஸ் விளம்பரத்தைத் திறந்தாலும் அதான். அதே எரேமியால 32-ம் அதிகாரத்தை ஏன் யாரும் எடுக்கறதில்ல? பாபிலோன் படை ஊரைச் சுத்தி நிக்குது, தீர்க்கதரிசி காவல்ல இருக்கார், அந்த நேரத்துல ஆனதோத்துல இருக்கற நிலத்தை 17 சேக்கல் வெள்ளிக்கு வாங்கறார், வெள்ளிய தராசுல நிறுக்கறார், சாட்சி வெக்கறார், பத்திரத்துல முத்திரை போட்டு ஒண்ணு, முத்திரை போடாம ஒண்ணு, ரெண்டையும் மண்பாண்டத்துல வெச்சு பத்திரப்படுத்தச் சொல்லி தன் எழுத்தர் பாருக்குகிட்ட கொடுக்கறார். கிரயப் பத்திரம் எழுதற முறை பூரா வேதத்துல இருக்கு! நெகேமியாவும் அப்படித்தான், அலங்கம், அதாவது மதில், கட்டுனதை வெச்சு தலைமைப் பண்பு பத்தி பிரசங்கம் பண்ணுவாங்க, 5-ம் அதிகாரத்தைத் தாண்டிப் போயிடுவாங்க. அங்க ஜனங்க கதறுறாங்க, தானியம் வாங்க நிலத்தையும் திராட்சத் தோட்டத்தையும் வீட்டையும் அடமானம் வெச்சுட்டோம், பிள்ளைங்களை அடிமையா கொடுக்கறோம்னு. நெகேமியா அவங்களுக்கு சிக்கனமா இருங்கன்னு சொல்லல. கடன் கொடுத்த பெரிய மனுஷங்களைக் கூப்பிட்டு சபை கூட்டி, நிலத்தையும் வீட்டையும் வாங்கின வட்டியையும் இன்னைக்கே திருப்பிக் கொடுங்கன்னார், ஆசாரியர்களை அழைச்சு சத்தியம் வாங்கினார். அந்த அதிகாரத்தை ஒரு ஞாயித்துக்கிழமை உங்க சர்ச்ல வாசிக்கச் சொல்லுங்க தம்பி, உங்க சபைலயும் வாடகைக்கு வீடு விட்டு வாழறவங்க இருப்பாங்க, கொஞ்சம் சங்கடமா இருக்கும், இருக்கட்டும்.

நீங்க பாத்திருக்கற கோர்ஸ்ல கறுப்பினப் போதகர் ஜான் பெர்கின்ஸ் பேரு கண்டிப்பா வரும். மிசிசிப்பில 1930-ல பிறந்தவர், மூணாங்கிளாஸோட படிப்பை விட்டவர், அண்ணனை போலீஸ்காரர் சுட்டுக் கொன்னதும் கலிபோர்னியா போய், விசுவாசத்துக்கு வந்து, 1960-ல அதே மிசிசிப்பிக்கு திரும்பினார், 1970-ல சிறைல போட்டு சாகற அளவுக்கு அடிச்சாங்க. இடம் மாறிப் போய் அந்த மக்களோட வாழணும், ஒப்புரவாகணும், வளத்தைப் பங்கிடணும்னு அவர் மூணு சொன்னார். முதல் ரெண்டையும் நிறைய பேர் உருக்கமா பேசறாங்க, மூணாவது வந்தா சத்தம் குறையுது. நீங்க வீட்டை வித்துட்டு லான்டேல்ல குடியேறணும்னு நான் சொல்ல மாட்டேன், சம்பளக்காரங்க நாலு பேர் குடியேறி வாடகை ஏறி பழைய ஆளுங்க வெளிய போற கூத்தும் நடக்குது. ஆனா அங்கயே போய் தங்குனவங்களைப் பாருங்க. வெய்ன் கார்டன்னு ஒரு ஃபுட்பால் கோச், 1975-ல லான்டேலுக்கு வந்தவர், 1978-ல சர்ச், 1984-ல அந்த சர்ச்ல இருந்து ஹெல்த் சென்டர். 1966-ல மார்ட்டின் லூதர் கிங் குடியிருந்து போராட்டம் நடத்துன ஹாம்லின் அவென்யூ இடத்துல 2011-ல லான்டேல் கிறிஸ்டியன் டெவலப்மென்ட் கார்ப்பரேஷன் 45 வீடு கட்டுச்சு, வசதியில்லாதவங்களும் கட்டக்கூடிய வாடகைக்கு. நிலம் கைல இருந்ததால கட்ட முடிஞ்சது, அவ்வளவு பேர் அங்கயே இருக்க முடிஞ்சது.

அதனால கோர்ஸ்ல சேருங்க, ஆனா சேர்றதுக்கு முன்னாடி பாடத்திட்டத்தை வாங்கி உட்கார்ந்து படிங்க. நிதி திரட்டுறதுக்கு ஒரு பேப்பர் இருக்கும், தலைமைக்கு ஒண்ணு இருக்கும். நிலம், வீட்டுக் கடன், சொத்து வரி, எந்த இடத்துல என்ன கட்டலாம்னு சொல்ற மண்டலச் சட்டம் இதுக்கு ஒரு பேப்பராவது இருக்கான்னு பாருங்க. மாணவர்களை பதிவு ஆபீஸுக்கு அனுப்பறாங்களா? லான்டேல்ல பிறந்து வளர்ந்தவங்க யாராவது பாடம் எடுக்கறாங்களா, சம்பளத்தோட? இதுக்கெல்லாம் ஆமான்னு பதில் வந்தா ஃபீஸ் கட்டுங்க. இல்லன்னா அந்தப் பணத்தை வேற எதுக்காவது வெச்சுக்கங்க.

உங்க மனைவி சொன்ன பப்ளிக் பாலிசியும் நல்ல யோசனை, அவங்களோட சண்டை போடாதீங்க. பேங்க் எந்த ஏரியால எவ்வளவு வீட்டுக் கடன் கொடுத்துச்சுன்னு வெளிய சொல்லியே ஆகணும்னு 1975-ல சட்டம் வந்துச்சு, எல்லா ஏரியாவுக்கும் கடன் கொடுக்கற பொறுப்பு இருக்குன்னு 1977-ல இன்னொண்ணு. அதுக்காக ஆள் திரட்டுனது வெஸ்ட் சைடு ஆஸ்டின்ல இருந்த கேல் சின்கோட்டான்னு ஒரு அம்மா, ஆறு பையனைப் பெத்தவங்க. கூட நின்னவர் ஷெல் டிராப், மெதடிஸ்ட் போதகரா இருந்தவர். போதகரும் பாலிசியும் ஒண்ணா உட்கார்ந்த இடம் அது.

ஒரு வேலை கொடுக்கறேன், அடுத்த சனிக்கிழமைக்கு முன்னாடி ரெண்டு பேரும் சேர்ந்து பண்ணுங்க. சிகாகோ இருக்கற குக் கவுன்ட்டில ஒவ்வொரு மனைக்கும் 14 இலக்க நம்பர் உண்டு, விலாசத்தைப் போட்டா கவுன்ட்டி தளத்துலயே கிடைக்கும், காசு கிடையாது. நீங்க சாப்பாடு கொடுக்கற தெருவுல ஒரு பிளாக்கை எடுத்துக்கங்க. எத்தனை காலி மனை, கடைசியா எப்ப வித்தது, எவ்வளவுக்கு, வரி பில்லு எந்த ஊர் விலாசத்துக்குப் போகுதுன்னு ஒரு நோட்டுல எழுதுங்க. இல்லினாய்ல லேண்ட் டிரஸ்ட்னு ஒரு ஏற்பாடு உண்டு, பத்திரத்துல பேங்க் பேரும் ஒரு நம்பரும்தான் நிக்கும், உண்மையான ஓனர் பேரு தெரியாது, அது வந்தா அதையும் குறிச்சுக்கங்க, விட்டுடாதீங்க. சாப்பாடு கொடுக்கும்போது அங்க இருக்கற பெரியவங்ககிட்ட அந்த நோட்டைக் காட்டிக் கேளுங்க, இந்த வீட்டுல முன்னாடி யாரு இருந்தாங்கன்னு. அவங்க சொல்றதை எனக்கு எழுதுங்க, ஃபீஸ் கட்டுற கடைசித் தேதி எப்பன்னும் எழுதுங்க.