பேர் போட்ட கூடை

அன்பின் ஐயா,
ஹட்டன் பக்கம் ஒரு சிறிய அருங்காட்சியகத்தின் வாசல் அறையில் கடை நடத்தும் பொறுப்பைத் தந்திருக்கிறார்கள். தோட்டத்தில் பின்னும் கூடை, பெண்கள் தைக்கும் பை, தேயிலை வாசனை மெழுகுதிரி எல்லாம் வைக்க யோசனை. பொருளைக் காசு கொடுத்து வாங்குவதா, ‘வித்தால் காசு’ என்று எடுப்பதா? கடைக்கு என்ன பேர் வைக்கலாம்? பேரம் பேசுகிறவர்களை எப்படிச் சமாளிப்பது?
ச.

அன்பின் மகளுக்கு,

கடைப் பேரை நீங்களே வையுங்கள். பேரம் பேசுகிறவர் பேசட்டும், சிரித்தபடி விலையில் நில்லுங்கள். மெழுகுதிரி யோசனையை யார் தந்தாரோ அவரிடமே திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

போன வாரம்தான் கண்டிக்குப் பக்கத்தில் இருக்கும் ஹந்தானைக்குப் போய் வந்தேன். 1925இல் கட்டிய தேயிலைத் தொழிற்சாலை, 2001இலிருந்து அருங்காட்சியகம். 1867இல் லூல்கந்துரையில் 19 ஏக்கரில் தேயிலை நட்ட ஜேம்ஸ் டெய்லரை அங்கே எல்லாரும் அறிவார்கள். பெல்ஃபாஸ்டில் செய்த உலர்த்தும் இயந்திரத்துக்குக்கூட ‘சிரோக்கோ’ என்று பேர் உண்டு. அந்தக் காலத்து அஞ்சலட்டைகளில் கொழுந்து எடுக்கிறவளுக்கு மட்டும் ‘தமிழ்க் கூலி’ என்ற அச்சு. திரும்பி வரும்போது பஸ்ஸில் இதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். வீட்டில் உங்கள் கடிதம் கிடந்தது.

எங்கள் தோட்டத்தில் பேர் என்றால் ஒரு நாள் சம்பளம். கொழுந்து நிறை குறைந்தால் அரைப்பேர். அம்மா அரைப்பேரோடு வந்த நாட்களில் ரொட்டி மெலிந்திருக்கும். அப்பா வேலை முடிந்து குப்பி விளக்கில் மூங்கில் கிழித்துக் கூடை பின்னுவார். ஒருமுறை ஆறு கூடையைத் தலையில் கட்டிக்கொண்டு டவுனுக்கு இறங்கினோம். கடைக்காரர், “வெச்சிட்டுப் போங்க, வித்தா தாறன்” என்றார். மூன்று மாதம் நடந்தோம். இரண்டு விற்றதாம். இரண்டு பூஞ்சணம் பிடித்துத் திரும்பி வந்தன. மற்ற இரண்டும் கணக்கிலேயே இல்லை.

நீங்கள் ‘வித்தால் காசு’ என்பதை ஏதோ சாதாரண வழக்கம் போல எழுதியிருக்கிறீர்கள். கோபம் வந்தது, மறைக்கவில்லை. மூங்கில் பின்னுகிறவளுடையது, இரவு அவளுடையது, விற்காவிட்டால் நட்டமும் அவளுடையது. மாதச் சம்பளம் வாங்கும் உங்களுக்கும் அலுமாரி வைத்திருக்கும் அருங்காட்சியகத்துக்கும் நாட்கூலிக்காரி வட்டியில்லாக் கடன் தருகிறாள் என்றல்லவா இதற்கு அர்த்தம்? முப்பது கூடைக்குக் காசில்லையா, மூன்று வாங்குங்கள். ஆனால் அவள் படியிறங்குமுன் காசு கையில் இருக்க வேண்டும். மாத முடிவில், கணக்கு முடிந்ததும், டிரெக்டர் கையெழுத்துப் போட்டதும் என்ற கதையெல்லாம் வேண்டாம்.

பிறகு கூடையில் ஒரு காகிதத் துண்டு கட்டுங்கள்: பின்னியவர் பேர், தோட்டம், எத்தனை இரவு பிடித்தது. பேர் போடலாமா என்று அவரிடம் கேட்டுவிட்டுப் போடுங்கள். கேட்காமல் படம் எடுத்து ஒட்டினால் அதுவும் பழைய அஞ்சலட்டைதான். கம்பளைப் பக்கம் ஓல்ட் பீகொக் தோட்டத்தில் தொழிலாளர் வரிசை வீடான லயத்துக்குள்ளேயே தொழிலாளர் அருங்காட்சியகம் இருக்கிறது, ஒருநாள் போய் வாருங்கள்.

மழைக்காலத்தில் கூடையைச் சுவரோடு ஒட்டி அடுக்காதீர்கள். வாங்குமுன் அடுப்புப் புகையில் சில நாள் தொங்கவிடச் சொல்லுங்கள். எங்களுக்கு அது தெரியும், அந்தக் கடைக்காரருக்குத் தெரியவில்லை.

அப்பா அதன்பிறகு பின்னவில்லை. மிச்ச மூங்கிலை லயத்துக்குப் பின்னால் போஞ்சிக்குக் கொடிக்கம்பாக நட்டார். அந்த வருசம் போஞ்சி நன்றாகக் காய்த்தது.