விசிட் விசாவில் வேலைக்குப் போகலாமா?

கேள்வி: தம்பி எட்டாம் வகுப்பு வரைதான் படித்திருக்கிறான். துபாயில் கொத்தனார் வேலை. ‘விசிட் விசாவில் போய் அங்கே மாற்றிக்கொள்ளலாம்’ என்கிறார் ஏஜென்ட். விமான நிலையத்தில் நிறுத்துவார்களா?

பதில்: நிறுத்தலாம், அம்மா. முதலில் பாஸ்போர்ட்டைப் புரட்டுங்கள். பத்தாம் வகுப்பு தேறாதவர் என்பதால் ‘இ.சி.ஆர்.’ (குடிபெயர்வுச் சோதனை தேவை) என்ற குறிப்பு இருக்கும். 1983 குடிபெயர்வுச் சட்டப்படி, இந்தக் குறிப்பு உள்ளவர்கள் அமீரகத்துக்கு வேலைக்குப் போக அரசின் குடிபெயர்வு அனுமதி பெற வேண்டும். சுற்றுலாவுக்கு அது தேவையில்லை. அந்த ஓட்டையைத்தான் ஏஜென்ட் காட்டுகிறார். குடியேற்ற கவுன்ட்டரில் ‘எங்கே தங்குவாய், திரும்பும் டிக்கெட் எங்கே, செலவுக்குப் பணம்?’ என்று கேட்பார்கள். பதில் தடுமாறினால் பயணம் அங்கேயே முடியும். டிக்கெட் பணமும் போய்விடலாம். தப்பித்துப் போனாலும், கையில் ஒப்பந்தம் இல்லாதவனுக்குச் சம்பளம் நின்றால் கேட்க நாதியில்லை. எனக்கு அதுதான் பெரிய கவலை.

வெளிநாட்டு வேலைக்கான அரசின் இ-மைக்ரேட் இணையதளத்தில் ஏஜென்டின் பதிவு எண்ணைத் தேடுங்கள். வேலை விசா, ஒப்பந்தம், பிரவாசி பாரதிய பீமா (வெளிநாடு செல்லும் தொழிலாளர்களுக்கான காப்பீடு) மூன்றும் இருந்தால்தான் அனுமதி. ஏஜென்டின் சேவைக் கட்டணம் 30,000 ரூபாயும் ஜி.எஸ்.டி.யும்தான் உச்சவரம்பு. ரசீது கேளுங்கள்; தர மறுத்தால் பாஸ்போர்ட்டைக் கொடுக்காதீர்கள்.