பழைய எஸ்-வி.எச்.எஸ் கேமராவில் குறும்படம் எடுத்தால் படம் தெளிவாக வருமா?

தாராவியில் எடுக்கப்போகும் குறும்படத்துக்குப் பழைய எஸ்-வி.எச்.எஸ் (வி.எச்.எஸ் வீடியோ கேசட்டின் மேம்பட்ட வகை) கேமரா கிடைத்திருக்கிறது, கையில் காசு கம்மி, படம் பார்க்கிற மாதிரி வருமா என்று கேட்டிருக்கிறீர்கள். வரும். இருக்கிற காசை வெளிச்சத்துக்கும் துணிமணிக்கும் செலவழியுங்கள்.

தொண்ணூறுகளில் சயான், மாட்டுங்கா பக்கம் தமிழ்க் கல்யாணங்களுக்கு வீடியோ எடுத்தவன் நான். சாதா வி.எச்.எஸ் டேப்பில் குறுக்குவாட்டில் சுமார் 240 கோடு அளவுக்குத்தான் விவரம் பதியும். எஸ்-வி.எச்.எஸ், சின்ன கேசட் வகையான ஹை-8 இரண்டும் 400 வரை போகும். ஆனால் இதெல்லாம் கறுப்பு வெள்ளைக் கணக்கு. நிறத்துக்கு மூன்றிலுமே ஏறக்குறைய 40 கோடுதான். பெண்ணின் அரக்குச் சிவப்புக் கூறைப்புடவை கரையைத் தாண்டி வலப்பக்கம் வழிந்து, பக்கத்தில் நிற்கும் மாப்பிள்ளையின் வெள்ளை வேட்டியில் ஏறிவிடும். எந்த கேமராமேன் வந்தாலும் அதைத் தடுக்க முடியாது. அதனால் உங்கள் கதாநாயகிக்குச் சிவப்பு வேண்டாம். கடுகு மஞ்சள், மங்கிய நீலம், காப்பிக்கொட்டை நிறம் எல்லாம் அழகாக நிற்கும். பொடிக்கட்டம் போட்ட சட்டையும் ஆகாது, திரையில் கலர்கலராக மின்னும்.

அடுத்து தாராவிச் சந்து. மத்தியானத்தில் இரண்டு தகரக் கூரைக்கு நடுவே ஒரு கீற்று வானம் பளீரென்று இருக்கும், கீழே ஆள் முகம் இருட்டாக இருக்கும். ஃபிலிம் என்றால் ஓரளவு சமாளிக்கும். வீடியோவில் அந்த வானம் சுண்ணாம்பு அடித்த மாதிரி வெளுத்துவிடும், பிறகு எந்த சாஃப்ட்வேராலும் அதை மீட்க முடியாது. வாசல்படி மேல் ஏறி நின்று கேமராவைக் கொஞ்சம் கீழ்நோக்கிச் சாய்த்து, வானத்தை ஃபிரேமைவிட்டே தள்ளிவிடுங்கள். நடிகர் கதவுக்குச் சற்று உள்ளே நிற்கட்டும். எதிரே ஒருவர் தர்மாகோல் பலகையைப் பிடித்தால் முகத்தில் வெளிச்சம் விழும். செலவில்லாத லைட் அது. இருட்டில் படத்தைச் செயற்கையாக வெளிச்சமாக்கும் கெயின் ஸ்விட்ச் 0-விலேயே இருக்கட்டும், 18-க்குத் தள்ளினால் படமெங்கும் புள்ளி புள்ளியாக ஊரும். வெள்ளையை வெள்ளையாகவே காட்டவைக்கும் ஒயிட் பேலன்ஸை இடம் மாறும்போதெல்லாம் வெள்ளைத் தாளைக் காட்டி கையாலேயே செட் பண்ணுங்கள். லாங் ஷாட்டில் முகம் கரைந்துபோகும், கதையை நெருக்கத்தில் சொல்லுங்கள்.

கேசட் விஷயம் சுருக்கமாக: டேப்பை மெதுவாக ஓட்டி நேரத்தைக் கூட்டும் எல்.பி ஸ்பீட் வேண்டாம், சாதாரண ஸ்பீடான எஸ்.பி மட்டும். புது கேசட்டை ஒருமுறை கடைசிவரை ஓட்டித் திருப்பிவிட்டு ஆரம்பியுங்கள். முதல் ஒரு நிமிடத்தை விட்டுவிடுங்கள். சோர் பஜாரில் பழையது வாங்கினால் கண்ணாடி வழியே டேப் விளிம்பைப் பாருங்கள். வெள்ளைத் தூள் தெரிந்தால் அது பங்கஸ், மும்பை மழை கொடுத்த வரம். அதை டெக்கில் (கேசட் ஓட்டும் மெஷினில்) போட்டால் டேப்பைப் படிக்கும் ஹெட்டும் போச்சு. 2016 ஜூலையோடு ஜப்பானின் ஃபுனாய் நிறுவனமும் வி.எச்.எஸ் டெக் செய்வதை நிறுத்திவிட்டது, மாற்றுக்கு அலைய வேண்டியிருக்கும்.

அந்தக் காலத்தில் இரண்டு வி.சி.ஆர் வைத்து எடிட் பண்ணுவோம். காப்பிக்குக் காப்பி எடுக்க எடுக்க படம் சாயம் போய், நிறம் கொஞ்சம் கீழே நழுவியும் நிற்கும். உங்களுக்கு அந்தத் தலைவலி இல்லை. ஒரிஜினல் கேசட்டிலிருந்து நேராக ஒரே தடவை கம்ப்யூட்டருக்கு ஏற்றுங்கள். மஞ்சள் பின் ஒயர் வேண்டாம், மும்பையின் எலக்ட்ரானிக்ஸ் கடைத்தெருவான லாமிங்டன் ரோட்டில் எஸ்-வீடியோ கேபிள் கேளுங்கள். வெளிச்சமும் நிறமும் அதில் தனித்தனியாக வரும், பொடிக்கட்டச் சட்டை கலர்கலராக மின்னுவதும் குறையும். டைம் பேஸ் கரெக்டர் (படத்தின் நெளிவைச் சரிசெய்யும் கருவி) உள்ள டெக் இரவலாகக் கிடைத்தால் விடாதீர்கள், நெளிகிற கதவு நிலையெல்லாம் நேராகிவிடும். ஏற்றும்போது ஃபைலைச் சுருக்காதீர்கள். படத்தின் அடியில் சில கோடுகள் கிழிந்த மாதிரி தெரியும், ஹெட் மாறும் இடம் அது. கறுப்புப் பட்டையால் மறைத்தால் போதும். அகலத் திரைக்காக 4:3 (பழைய டி.வி வடிவ) படத்தை மட்டும் இழுத்து நீட்டிவிடாதீர்கள்.