கேளுங்கள், சொல்கிறேன்: சர்ச் கல்லூரிக்கு மகளை அனுப்பலாமா?

கேள்வி: என் மகள் எஸ்.டி.பி.எம். என்ற ஆறாம் படிவத் தேர்வை முடித்திருக்கிறாள். அமெரிக்காவின் இந்தியானா மாநிலத்தில் உள்ள கோஷன் கல்லூரியில் இடமும், பாதிக் கட்டணத்துக்கு உபகாரச் சம்பளமும் கிடைத்திருக்கின்றன. அது மெனோனைட் என்ற கிறிஸ்துவச் சபையின் கல்லூரியாம். நாங்கள் மாரியம்மனைக் கும்பிடுகிற குடும்பம். "பிள்ளையைப் பாதிரியார் பள்ளிக்கா அனுப்புகிறாய்?" என்று சொந்தக்காரர்கள் கேட்கிறார்கள். அனுப்பலாமா அம்மா?
ஒரு தந்தை, புக்கிட் மெர்தாஜாம்

பதில்: பணக் கணக்கு சரியாக வந்தால் தயங்காமல் அனுப்புங்கள் ஐயா.

நான் பினாங்கு லைட் ஸ்ட்ரீட் கான்வென்ட்டில் படித்தவள். 1852-இல் கன்னியர்கள் தொடங்கிய பள்ளி அது. அம்மா பூசிவிட்ட விபூதியோடு போவேன். சிஸ்டர்கள் ஜெபம் சொன்னால் கை கூப்பி நிற்பேன். வெள்ளிக்கிழமை சாயங்காலம் குயின் ஸ்ட்ரீட் மாரியம்மன் கோயிலிலும் அதே கை கூப்பி நின்றேன். பினாங்கில் நம் பிள்ளைகள் எத்தனையோ பேர் இப்படி மிஷன் பள்ளிகளில் படித்து ஆளானவர்கள்தானே? உங்கள் சொந்தக்காரர்களிலும் சிலர் இருப்பார்கள், கேட்டுப் பாருங்கள்.

ஆனால் ஒரு கல்லூரியை நம்புவதற்கு முன்னால் அதை நடத்துகிறவர்கள் யார் என்று தெரிந்துகொள்ள வேண்டும். மெனோனைட்டுகள் 16-ஆம் நூற்றாண்டில் மெனோ சைமன்ஸ் என்ற டச்சுப் பாதிரியாரின் வழியில் வந்தவர்கள். ஆயுதம் எடுக்கக் கூடாது, போருக்குப் போகக் கூடாது என்பது அவர்களின் கொள்கை. 1894-இல் எல்கார்ட் என்ற ஊரில் ஒரு மருத்துவர் தொடங்கிய சிறிய கல்வி நிலையம்தான் இந்தக் கோஷன் கல்லூரி. 1903-இல் பக்கத்து ஊரான கோஷனுக்கு இடம் மாறியது. பழமையில் ஊறிய சபைப் பெரியவர்களுக்கும் கல்லூரிக்கும் ஒத்துவராமல் 1923-இல் கதவையே சாத்திவிட்டார்கள். ஒரு கல்வியாண்டு முழுக்கப் பூட்டிக் கிடந்து, 1924-இல் திரும்பத் திறந்தார்கள். 2010 வரை அங்கே விளையாட்டுப் போட்டிகளுக்கு முன்னால் அமெரிக்க தேசிய கீதம் இசைத்ததில்லை. போரைப் புகழும் வரிகள் அதில் இருப்பது அவர்கள் மனசாட்சிக்கு ஒவ்வவில்லை. அந்த ஆண்டு இசைத்துப் பார்த்து, அடுத்த ஆண்டே நிறுத்திவிட்டார்கள். ஊரே எதிர்த்தாலும் நம்பியதை விடாத மனிதர்கள். அவர்கள் மத்தியில் நம் பிள்ளை நாலு வருஷம் இருந்தால் கெட்டுப்போக மாட்டாள்.

நான் ஆறாம் படிவத்தில் வரலாறு சொல்லிக்கொடுத்த, பிறை என்ற ஊர்ப் பெண் ஒருத்தி அங்கேதான் உயிரியல் படித்தாள். தீபாவளிக்கு வந்தபோது கைத்தொலைபேசியில் ஒரு பதிவைப் போட்டுக் காட்டினாள். ஆர்கன் இல்லை, பியானோ இல்லை. கூடம் முழுக்க நான்கு குரலாகப் பிரிந்து பாடுகிறார்கள். "இது நான் டீச்சர்" என்று கீழ்க்குரல் ஒன்றைத் தனியாக எடுத்துக் காட்டினாள். மேசையில் முருகன் படம் வைத்திருந்தாளாம், யாரும் ஒன்றும் சொல்லவில்லையாம். அப்புறம், வழிபாட்டுக்குக் கட்டாயம் வரவேண்டுமா, பைபிள் பாடம் எத்தனை என்று கல்லூரிக்கே எழுதிக் கேளுங்கள். தெளிவாகப் பதில் சொல்லுவார்கள்.

கேள்வி: லிபரல் ஆர்ட்ஸ் என்றால் ஓவியமும் நாட்டியமுமா? அதைப் படித்தால் வேலை கிடைக்குமா?
ஒரு மாணவி, ஆயர் ஈத்தாம்

பதில்: இல்லை கண்ணு. அந்தப் பிறைப் பெண் தன் மதிப்பெண் தாளை என் சாப்பாட்டு மேசையில் விரித்துக் காட்டினாள். பாதிக்கு மேல் உயிரியலும் இரசாயனமும். நடுவே பைபிள் பாடம் ஒன்று, மண்பாண்டம் ஒன்று, ஸ்பானிஷ் மொழி இரண்டு. முக்கியப் பாடம் ஒன்றை ஆழமாகப் படிக்க வேண்டும், மற்ற துறைகளையும் தொட்டுப் பார்க்க வேண்டும். அதுதான் லிபரல் ஆர்ட்ஸ். கோஷன் மாணவர் தொகை ஆயிரத்தைத் தொடாத கல்லூரி என்பதால் விரிவுரையாளருக்கு உன் பெயர் தெரியும்.

கோஷனில் எனக்கு மிகவும் பிடித்தது 1968-இல் அவர்கள் தொடங்கிய வெளிநாட்டுப் பருவம். ஒரு பருவம் வேறு நாட்டுக்குப் போய், பாதிக் காலம் மொழியும் பண்பாடும் படிக்க வேண்டும், பாதிக் காலம் அந்த ஊருக்கு ஊழியம் செய்ய வேண்டும். தங்குவது உள்ளூர்க் குடும்பத்தோடு. 1980-இலேயே சீனாவின் செங்டு நகருக்கு மாணவர்களை அனுப்பியிருக்கிறார்கள். என் மாணவி பெரு நாட்டுக் கிராமத்துக் கிளினிக்கில் குழந்தைகளுக்கு எடை பார்த்தாள். தங்கிய வீட்டு அம்மாள் அவளை "மகளே" என்றுதான் கூப்பிடுவாராம். பிரியும்போது இரண்டு பேருமே அழுதார்களாம். அதைச் சொல்லும்போது என் வீட்டிலும் அழுதாள்.

வேலை விஷயம்: அரசாங்க வேலை வேண்டுமென்றால் பட்டத்துக்கு அங்கீகாரம் உண்டா என்று பொதுச் சேவைத் துறையிடம் முன்கூட்டியே கேள். தாதிமை படிப்பதானால் மலேசியத் தாதியர் வாரியத்திடம் கேள். படித்து முடித்த பிறகு கேட்காதே.

கேள்வி: அமெரிக்காவில் வேலை செய்து, உபகாரச் சம்பளம் போக மீதிச் செலவைச் சமாளிக்க முடியுமா?
ஒரு தாய், பாயான் லெப்பாஸ்

பதில்: அதை நம்பி அனுப்பாதீர்கள் அம்மா. மாணவர் விசாவில் பருவக் காலத்தில் வாரத்துக்கு 20 மணி நேரம்தான், அதுவும் கல்லூரி வளாகத்துக்குள்தான் வேலை செய்யலாம். கைச்செலவுக்கு ஆகும், கட்டணத்துக்கு ஆகாது. பிடிபிடிஎன் என்ற நம் அரசாங்க உயர்கல்விக் கடன் வெளிநாட்டுப் படிப்புக்குக் கிடையாது. முதல் வருஷச் செலவுக்குப் பணம் இருப்பதை விசாவுக்கு முன்பே காட்ட வேண்டும். உபகாரச் சம்பளம் நாலு வருஷமும் வருமா, எந்த மதிப்பெண்ணுக்குக் கீழே போனால் நிறுத்துவார்கள், மருத்துவக் காப்புறுதி யார் செலவு என்ற மூன்றையும் எழுத்தில் வாங்கிக்கொண்டு டிக்கெட் போடுங்கள்.