காது சவ்வில் ஓட்டை இருக்கிறது, அறுவை சிகிச்சை செய்துகொண்டால் பழையபடி கேட்குமா?

செய்துகொள்ளுங்கள். ஆனால் கேட்பதற்காக மட்டும் என்று நினைத்துக்கொண்டு போகாதீர்கள்.

எனக்கு 7 வயதிலிருந்தே இடது காதில் சீழ். சளி பிடித்தால் போதும், காலையில் தலையணை உறை நனைந்திருக்கும். வீட்டில் பூண்டு போட்டுக் காய்ச்சிய எண்ணெயை ஊற்றுவார்கள். ஓட்டை விழுந்த காதில் ஒரு சொட்டு எண்ணெய்கூட விடக்கூடாது என்பது 32 வயதில்தான் தெரிந்தது.

"காது உலர்ந்து, சீழ் நிற்பதுதான் முதல் நோக்கம். கேட்கும் திறன் அடுத்தது" என்று மருத்துவர் முதலிலேயே சொல்லிவிட்டார். அந்த நேர்மைக்காகவே அவரிடம் செய்துகொண்டேன்.

காதுக்குப் பின்னால் கீறி, நெற்றிப்பொட்டுத் தசையைப் போர்த்தியிருக்கும் மெல்லிய உறையில் ஒரு துண்டு எடுத்து, ஓட்டைக்கு உட்புறமாக வைத்து அடைத்தார்கள். சவ்வுக்குப் பின்னால் சுத்தி, பட்டடை, அங்கவடி என மூன்று எலும்புகள் உண்டு. அங்கவடியின் உயரம் 3 மில்லிமீட்டர்தான். உள்ளே பார்த்தபோது, பல வருடச் சீழில் என் பட்டடையின் நுனி அரித்துப்போயிருந்தது. அதையே வெளியே எடுத்துச் செதுக்கி, மற்ற இரண்டுக்கும் நடுவே பாலமாக வைத்தார்கள். ஆகவே "சவ்வு மட்டுமா, எலும்பும் சேர்த்தா?" என்று முன்கூட்டியே கேளுங்கள், கேட்கும் திறன் அதைப் பொறுத்தது.

முதல் சில வாரங்கள் காது இன்னும் மந்தமாகத்தான் இருக்கும். உள்ளே வைத்த பஞ்சு கரைய வேண்டும். பயந்துவிடாதீர்கள். மூக்கைச் சிந்தக்கூடாது, தும்மல் வந்தால் வாயைத் திறந்து தும்ம வேண்டும், காதில் தண்ணீர் படவே கூடாது. எனக்கு யாரும் சொல்லாத ஒன்று: நாக்கின் இடப்பக்கத்தில் காபி தகரம்போலச் சுவைத்தது. சுவை நரம்பு ஒன்று நடுக்காது வழியாகத்தான் போகிறதாம். மூன்று மாதத்தில் சரியானது.

45 டெசிபலாக இருந்த குறைபாடு 28 ஆகியது. சந்தடியில் யாராவது இடப்பக்கம் நின்று மெல்லப் பேசினால் இன்றும் திரும்பித்தான் கேட்கிறேன். ஆனால் நான்கு வருடமாகச் சீழ் இல்லை.

உங்கள் காதில் நாற்றத்தோடு சீழ் வந்தாலோ, தலை சுற்றினாலோ, முகம் ஒரு பக்கம் கோணினாலோ யோசித்துக்கொண்டிருக்காதீர்கள். அது எலும்பை அரிக்கும் வேறு நோயாக இருக்கலாம். உடனே போய்க் காட்டுங்கள்.